ஆளில்லாத கூடத்தில் ஒரு மூச்சு

ஆளில்லாத கூடத்தின் நிசப்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அந்த நிசப்தத்துக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஜெயசுதா ஹெட்போனை அழுத்திப் பிடித்தாள். ஒலிப்பதிவில் இது வழக்கமான வேலைதான். வாசிப்பு முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பி, மைக்கை மட்டும் திறந்துவைத்து, சும்மா கிடக்கும் அறையின் சத்தத்தைப் பிடித்து வைப்பார்கள். தனித்தனியாக வாசித்த இரண்டு டேக்குகளை ஒட்டும் இடத்தில் தையல் தெரியாமல் மறைக்க அது உதவும். இன்று அவளுக்கு மறைக்க வேண்டிய தையல் ஒன்று இருந்தது.

பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் செக் நாட்டு கான்செர்ட்டோ அது. ஆர்கெஸ்ட்ராவை அங்கேயே பதிவு செய்து அனுப்பிவிட்டார்கள். அதைக் காதில் கேட்டபடி பியானோ வாசிக்க, கல்வராயன் மலைமேல் லாரி ஹாரன் எட்டாத இந்தப் பழைய கூடத்துக்கு வந்திருந்தாள் அபிநயா. இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே டீச்சரிடம் படித்தவர்கள். ஜெயசுதாதான் ஒரு படி மேல் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் தேர்வானது அபிநயா. ஜெயசுதாவுக்குப் பக்கத்து அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பட்டன் தட்டும் வேலை. "நீ இருந்தாதான் எனக்கு தைரியம்க்கா" என்று அபிநயா சிரித்தபோதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. அந்த ஸ்டூல் என்னுடையது. அதில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மதியம் அபிநயா சின்னசேலத்துக்கு ரயிலேறக் கிளம்பியதும், ஜெயசுதா காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தில் இறங்கினாள். மெதுவான நடுப்பகுதியில் அபிநயா வாசித்ததை அழித்தாள். மைக்கைச் சரிபார்க்கும் சாக்கில் நேற்றுத் தானே வாசித்துப் பதிந்ததை அங்கே வைத்தாள். அதே பியானோ, அதே மைக். யாருக்குத் தெரியப்போகிறது? ஒட்டிய இடத்தை மூடக் கொஞ்சம் நிசப்தம் போதும்.

அந்த நிசப்தத்தில்தான் மூச்சு கேட்டது. இழுத்து முடிக்கும்போது மெல்லிய விசில். சின்ன வயதில் விழுந்து மூக்கு உடைந்ததிலிருந்து, வாசிக்கத் தொடங்கும் முன் ஜெயசுதாவுக்கு வருகிற அதே விசில்.

கூடத்தின் கதவைத் திறந்து பார்த்தாள். ஜன்னல்களில் பகலிலேயே பனிமூட்டம் அப்பியிருக்க, ஈரச் சுவரின் வாடையும் வெளியே காயப்போட்ட கடுக்காயின் துவர்ப்பும் கலந்து வர, எங்கோ ஒரு பலகை முனகி அடங்க, பியானோ மூடியபடியே இருந்தது.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சடையன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள யாராவது வந்தாங்களாண்ணே?"

"யாரும் வரலியேம்மா. நீங்கதான் பியானோ முன்னால குந்திக்கினு இருந்தீங்க. ஜன்னல்ல பார்த்தனே."

"நான் பக்கத்து ரூம்ல இல்ல இருந்தேன்?"

சடையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மலைக்காரர் கண்ணுக்கு எல்லாரும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பி வந்து மறுபடி பட்டனைத் தட்டினாள்.

நிசப்தம். பிறகு புடவை உரசும் சத்தம். ஸ்டூல் நகரும் சத்தம்.

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியானோ திறந்திருந்தது. ஸ்டூலில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. ஜெயசுதா கட்டியிருந்த அதே மஞ்சள் புடவை.

திரையில் ஆர்கெஸ்ட்ரா தானாக ஓடத் தொடங்கியது. நடுப்பகுதி. பியானோ சேர வேண்டிய இடம் வந்தது. ஸ்டூலில் இருந்தவள் கைகளைத் தூக்கினாள். மூச்சை இழுத்தாள். விசில்.

ஜெயசுதாவின் நெஞ்சு காலியானது. இழுத்தாள். விசில் ஹெட்போனில் கேட்டது. மூக்கில் காற்று வரவில்லை. வாயைத் திறந்தாள். அதிலும் வரவில்லை.

மேஜையில் போன் ஒளிர்ந்தது. அபிநயா. எடுக்கக் கை எழவில்லை. அவளுடைய இரண்டு கையும் அங்கே, பியானோவுக்கு மேலே அந்தரத்தில் இருந்தன.

முதல் சுரம் விழும்வரை பியானோக்காரர்கள் மூச்சை விடுவதில்லை.

ஆர்கெஸ்ட்ரா நின்று காத்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூக்கிய கைகள் இறங்கவே இல்லை.