பேர் சொல்லாத தட்டு

செல்லியைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரித் திண்ணையில் இறக்கியபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டித் தூளியாகத் தொங்கவிட்டு, முன்னால் அவள் புருஷன் சின்னதம்பியும் பின்னால் அவன் மச்சானும் ஐந்து மைல் மலைப்பாதை நடந்திருந்தார்கள். மச்சான் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, பனி இறங்குவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டுமென்று அப்போதே திரும்பிவிட்டான். செல்லியின் மாரோடு, பழைய வேட்டித் துணியில் சுற்றியபடி, எட்டு நாள் ஆண் குழந்தை கிடந்தது.

நர்ஸ் செந்தாமரை அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் அது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

“இது எத்தினாவது பிரசவம்?”

“நாலாவதுங்க” என்றான் சின்னதம்பி.

“மத்த மூணும் வூட்ல இருக்குதா?”

செல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்தான் பதில் சொன்னான். “இல்லீங்க நர்சம்மா. மூணும் பத்து நாளுக்குள்ளயே போய்டுச்சிங்க. எங்க ஊர்ல முப்பது நாள் தாண்டினாத்தான் பேரு வெப்போம். ஒண்ணுக்கும் பேரு வெக்கற பாக்கியம் இல்ல.”

தாய்க்குப் பாலில் குறைவில்லை. கட்டிக்கொண்டு வலித்தது, தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்குத்தான் உறிஞ்சத் தெம்பில்லை. செந்தாமரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். மணிக்கு ஒரு தரம் இப்படி இறங்கினால், விடியும்வரை தாயின் உடம்புச் சூட்டிலேயே இருந்தால், பிழைத்துக்கொள்ளும். காலையில் ஜீப் வந்துவிடும், திருப்பத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு இரவு.

அந்த இரவைத்தான் செந்தாமரையால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று நாளாக அவள் கண் மூடவில்லை. ஜவ்வாது மலையில் அந்த வருஷம், எழுபத்தொன்பது டிசம்பரில், ஊர் ஊராகச் சளிக்காய்ச்சல். ஆஸ்பத்திரி என்று பேர்தானே தவிர, எப்போதோ ஒரு துரை வேட்டைக்கு வந்து தங்கக் கட்டிய ஓட்டு பங்களா அது. ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, மூன்று அரிக்கேன் விளக்கு. அதை நடத்திய போலந்து தேசத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் அன்னாவே காய்ச்சலில் விழுந்துவிட, இருந்த ஒரே ஜீப்பில் அவரைப் போட்டுக்கொண்டு டிரைவர் கோபால்சாமி அன்று காலை மலை இறங்கிவிட்டான். தேறிய நோயாளிகள் முன்தினமே ஊர் திரும்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தது செந்தாமரையும், சமையலுக்கும் பெருக்குவதற்கும் இருந்த மாதம்மாளும்தான்.

போகிற போக்கில் சிஸ்டர் ஜீப்பிலிருந்து கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று இருபத்து நான்காம் தேதி. சாப்பாட்டை விட்டுவிடாதே. ஒரு தட்டு கூட வை.

காய்ச்சல் நூற்று நான்கில் கொதிக்கும்போதும் ஒரு மனுஷிக்குத் தட்டு ஞாபகம்! செந்தாமரைக்கு எரிச்சலாகத்தான் வந்தது. அவள் அடிவாரத்து ஊர்க்காரி, கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் நாலு வருஷமாக இந்தக் கிறிஸ்துமஸ் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. புண்ணுக்குக் கட்டுப்போடும்போதெல்லாம் சிஸ்டர் சொல்வார். ஒரு தேசத்தில் ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்களாம், வழிப்போக்கருக்கு வெளிச்சம் தெரிய. இன்னொரு தேசத்தில் பிள்ளைகள் செருப்பைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுத் தூங்குவார்களாம், விடிந்தால் அதில் மிட்டாய் இருக்குமாம். திருப்பத்தூர்க் கிறிஸ்தவர்கள் காகித நட்சத்திரம் கட்டி, வாசலில் கோலமும் போடுவதைப் பார்த்து சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அவர் ஊரிலோ பகல் முழுக்க விரதம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேஜைத் துணிக்கு அடியில் வைக்கோல், மேலே பன்னிரண்டு பதார்த்தம், எல்லோருக்கும் தட்டு வைத்தபின் யாரும் உட்காராத ஒரு தட்டு. வழி தவறி வருகிறவருக்கு அது. அல்லது, இனி வர முடியாதவருக்கு.

ஆறு மணிக்கே பனி ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டது. முற்றத்துப் புளியமரமே தெரியவில்லை, நட்சத்திரம் எங்கே தெரியும்? மாதம்மாள் இரண்டு முறை வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“ஒண்ணும் காணலயே நர்சம்மா. சிஸ்டரம்மா இருந்தா, தெரியற வரிக்கும் கைய கட்டிகினு நிப்பாங்க.”

“நான் பார்த்துட்டேன். தெரிஞ்சிடுச்சு. நீ சோத்தப் போடு.”

“எங்க பாத்தீங்க? உங்க கண்ணு தொறந்துதான் கீதா?” என்று சிரித்தாள் மாதம்மாள். சிரித்தாலும் போட்டாள். மேஜையில் சாமை வைக்கோலைப் பரப்பித் துணியை விரித்தாள். சாமைச் சோறு, புளிக்குழம்பு, அவரை, கீரை. உப்பையும் தண்ணீரையும் தனித்தனியாகக் கணக்கில் சேர்த்தும் பன்னிரண்டு வரவில்லை. கடைசியில் ஐந்தாவது தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது யாருக்குங்க?”

“யாருக்கும் இல்ல. சும்மா வை.”

“சும்மா எப்படிங்க வெக்கிறது? எங்க ஊர்ல செத்தவங்களுக்கு எலை போட்டா பேரு சொல்லிக் கூப்டணும். சாப்ட்டதும் தண்ணி ஊத்தி, பேரு சொல்லி அனுப்பணும். சிஸ்டரம்மாகூட வருஷா வருஷம் இந்தத் தட்டுகிட்ட கண்ண மூடிகினு அவங்க ஆத்தா பேரு, அண்ணன்மாரு பேரு எல்லாம் சொல்லுவாங்களே, நீங்க பாத்ததில்ல?”

அந்த நேரத்தில் எப்போதும் நோயாளிகளிடம் இருந்துவிடுவதால் செந்தாமரை பார்த்ததில்லை. இப்போது கேட்டுக்கொள்ளும் நிலையிலும் இல்லை. முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக வலித்தது.

“யார் பேரையும் சொல்ல வேணாம் மாதம்மா. யாருக்கு வேணுமோ வந்து தின்னட்டும்.”

மாதம்மாளின் முகம் மாறிவிட்டது. தட்டை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

“பேரில்லாம கூப்ட்டா, பேரில்லாததுங்கதான் வரும்” என்றாள் மெதுவாக.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செந்தாமரை செய்திருந்தாள். அது அவளுக்கு அப்போது தெரியாது. இரண்டு வாய் சோறு விழுங்கினாள். சின்னதம்பி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். ஐந்தாவது தட்டில் சோறு ஆவி அடங்கி ஆறிக்கொண்டிருந்தது.

கதவில் ஏதோ உரசியது.

நாய் உரசுகிற உயரம்கூட இல்லை. அதைவிடக் கீழே, தரையை ஒட்டி.

சின்னதம்பி எழுந்து போய்த் திறந்தான். பனி மட்டும்தான் உள்ளே வந்தது. கூடவே ஒரு வாடை, மழைக்குப் பின் புதிதாக வெட்டிய மண்ணின் ஈர வாடை. அவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

ஏழு மணிக்குப் பால் நேரம். செந்தாமரை பாலாடையோடு கட்டிலுக்குப் போனாள். செல்லி கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் தொட்டாலே சொட்டிய மார், காலிப் பை மாதிரி துவண்டிருந்தது. பீய்ச்சிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

“செல்லி, பால் எங்கடி போச்சு?”

“குடிச்சிட்டுதுங்க.”

“குழந்தையா? அதுக்கு ஏது தெம்பு?”

“இது இல்லீங்க.” செல்லியின் உதடு மட்டும் அசைந்தது. “அதுங்க.”

தூக்கமில்லாத மூளை எதையும் பேசும் என்று செந்தாமரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழந்தையை எடுத்து இடது கையில் ஏந்தினாள். மேலும் குளிர்ந்திருந்தது. வாயைத் திறப்பதையும் நிறுத்திவிட்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சப்... சப்... சப்...

பிரசவ வார்டில் வேலை செய்தவளுக்குத் தெரியாத சத்தமா? பசித்த குழந்தை மூச்சுவிடாமல் பால் குடிக்கும் சத்தம். செல்லியின் போர்வைக்குள்ளிருந்து வந்தது. அவள் முந்தானை யாரோ பற்றி இழுப்பதுபோல விட்டு விட்டு அசைந்தது.

செந்தாமரை வலது கையைப் போர்வைக்குள் விட்டாள்.

தலை.

சின்னத் தலை. ஆயிரம் குழந்தைகளைத் தொட்ட கைக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மெல்லிய முடி, முடியில் ஒட்டிய ஈர மண், நடுவில் மெத்தென்ற உச்சிக்குழி. அந்தக் குழியில் துடிப்பு இல்லை. அதன் பக்கத்தில் இன்னொரு தலை. வயிற்றோரம் மூன்றாவது.

போர்வையை உதறி விலக்கினாள். செல்லியின் வெற்று மாரைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

செந்தாமரை சுவரில் சாய்ந்துவிட்டாள். கத்தவேண்டும் என்று தோன்றியது. கத்துவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறதே.

“சோத்த ஒண்ணும் தொடல பாருங்க” என்று மாதம்மாள் மேஜையைக் காட்டிக் கிசுகிசுத்தாள். “பல்லில்லாததுங்களுக்குச் சோறு எதுக்கு? நீங்க கூப்ட்டீங்க, அதுங்க பாலுக்கு வந்துடுச்சு. பேரு சொல்லி அனுப்பலன்னா போவாது. இந்தப் புள்ளைக்கும் இன்னும் பேரில்ல நர்சம்மா. கூடவே இஸ்துகினு போய்டும்.”

“செத்ததுக்குப் பேரு வெக்கறதா? எங்க ஊர்ல அந்த வழக்கமே இல்ல” என்றான் சின்னதம்பி.

“நீ சும்மா இரு” என்றாள் செல்லி.

எழுந்து உட்கார்ந்தாள். அந்த உடம்பில் எங்கிருந்து வலு வந்ததோ, மேஜைவரை நடந்து வந்தாள். நடக்கும்போது இரண்டு கையையும் மாருக்குக் கீழே அணைகொடுத்துக்கொண்டு வந்தாள், விழுந்துவிடாமல் எதையோ தாங்குகிறவளாக.

“மூணுக்கும் பொறந்த அன்னிக்கே நான் மனசுல பேரு வெச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல.”

மாதம்மாள் அவள் கையில் சொம்பைக் கொடுத்தாள். “போய்ட்டு வான்னு சொல்லிடாத. போன்னு மட்டும் சொல்லு.”

பெற்றவள் வாயில் அந்த ஒரு சொல் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது! செந்தாமரை குழந்தையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் மூச்சு இழையாக ஓடியது.

“முனியம்மா” என்றாள் செல்லி. தட்டின் ஓரம் தண்ணீர் விட்டாள். “போம்மா.”

சத்தத்தில் ஒரு இழை அறுந்தது.

“பூங்கோதை. போ கண்ணு.”

“கிருஷ்ணா...” இதற்கு மட்டும் குரல் உடைந்துவிட்டது. “என் ராசா. போய்டுடா.”

அறை நிசப்தமானது. செல்லி திரும்பி, செந்தாமரையின் கையிலிருந்த குழந்தையின் காதில் வாய் வைத்து, “தசரதன், தசரதன், தசரதன்” என்று மூன்று முறை சொன்னாள். பேர் விழுந்ததும் அது வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கே செல்லியின் முந்தானை பாலில் நனைந்தது.

சின்னதம்பி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மாதம்மாள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரோடு செந்தாமரையைப் பார்த்தாள். “நீங்கதான கூப்ட்டீங்க நர்சம்மா. உங்களுக்கு யார்னா இருந்தா நீங்களும் சொல்லி அனுப்பிச்சிடுங்க.”

“எனக்கு யாரு இருக்கா?” என்றாள் செந்தாமரை.

பொய். ஆறு வருஷத்துக்கு முன், வேலூரில் ஒரு வாடகை அறையில், ஏழாம் மாதத்தில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாலி கட்டுகிறேன் என்றவன் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தான். காலையில் பிறந்து மத்தியானம் போய்விட்டது. அந்த ஆறு மணி நேரமும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பேர் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் பிறகு கூப்பிடத் தோன்றும் என்ற பயம். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லி, ஏன் எப்படி என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு முடியாது. அவ்வளவு அலுப்பு.

மாதம்மாள் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

தசரதன் இரவெல்லாம் பால் குடித்தான். உள்ளங்கால் வெதுவெதுப்பாகிவிட்டது. விடிகாலையில் செந்தாமரை நாற்காலியில் சாய்ந்தவள் தன்னை மறந்து தூங்கினாள். கனவில்லாத தூக்கம். நெஞ்சின் மேல் பூனைக்குட்டி படுத்திருப்பதுபோல ஒரு சின்னக் கனம் மட்டும் தூக்கத்திலும் தெரிந்தது.

ஜீப் ஹாரன் கேட்டுத்தான் எழுந்தாள். பனி விலகி வெயில் வந்திருந்தது. சிஸ்டருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றான் கோபால்சாமி. செல்லியையும் குழந்தையையும் சின்னதம்பியோடு பின் சீட்டில் ஏற்றிக் கம்பளி போர்த்தினார்கள். செல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். ஜீப் வளைவில் மறைந்ததும் மாதம்மாள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“நர்சம்மா... இன்னா இது?”

செந்தாமரை குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சேலையின் மாரில் இரண்டு பக்கமும் வட்டமாக ஈரம். ஆறு வருஷத்துக்கு முன் வற்றிப்போனது. விரலால் தொட்டு முகர்ந்தாள்.

பால்.

“இருங்க, தண்ணி கொண்டாறேன்” என்று மாதம்மாள் பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். “பேரு ஒண்ணு சொல்லுங்க, எதுனா ஒண்ணு. சொல்லி, போன்னு சொல்லிடுங்க.”

சொம்போடு அவள் திரும்பி வந்தபோது செந்தாமரை வாசற்படியில், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் முந்தானைக்குள் ஏதோ மெல்ல இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. சப், சப் என்று சின்னச் சத்தம்.

“வேணாம் மாதம்மா” என்றாள். “பசியா இருக்குது.”

பனிக்காற்று படாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.