ஐந்து ஜன்னல், ஒரு வாசல்

அன்றைக்குக் காலையிலும் படுக்கையறை ஜன்னலின் கொக்கி கழன்றுதான் கிடந்தது.

கனகலட்சுமி அதை ராத்திரி தன் கையாலேயே மாட்டியிருந்தாள். மாட்டிவிட்டு ஒரு தடவை இழுத்தும் பார்த்திருந்தாள். ஜன்னல் என்னவோ சாத்தினபடியேதான் இருந்தது. கொக்கி மட்டும் வளையத்தை விட்டு விலகி, யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல மெள்ள ஆடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு நாளாக இதே கதைதான். இருபத்தாறு நாளுக்கு முன்னால், அந்த ஜன்னலை ஒட்டிக் கிடந்த கட்டிலில்தான் அவளுடைய ஒரே மகள் மாரிசெல்வி காய்ச்சலில் கண்ணை மூடினாள். ஒன்பது வயது.

"காத்துதான் கனகா," என்றார் அவள் கணவர் சண்முகையா, அவள் முகத்தைப் பார்க்காமலே. தென்காசியில் அரசாங்க ஆபீசில் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கு ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. கனகலட்சுமிக்கு இந்த வீடுதான் இருந்தது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடலில் புயல் என்று இரண்டு நாளாக டிவியில் கத்திக்கொண்டிருந்தாலும், சங்கரன்கோவிலில் அப்போது ஒரு இலைகூட அசையவில்லை. பின்தெருவிலிருந்து தறிச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவள் அடுக்களையில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள்.

ஐந்து ஜன்னல் கண்ணாடிகளும் ஒரே மூச்சில் உடைந்தன.

செம்பு கைநழுவியது. அந்தச் சத்தம் அடங்குமுன் வாசல் பக்கம் இன்னொரு சத்தம். மரம் நெடுக்கக் கீறுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தாள். தாழ் போட்டிருந்த வாசல் கதவின் கீழ்ப்பாதியில், ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குப் பலகை பிளந்திருந்தது.

சண்முகையாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். ராத்திரி மழை இறங்கிவிடும், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும், மாரிராஜைக் கூப்பிட்டு உடனே பலகை அடிக்கச் சொல்லு, நான் ஏழு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றார். எப்படி உடைந்தது என்று அவர் கேட்கவில்லை.

நாலு மணிக்கு மாரிராஜின் குட்டியானை வண்டி வந்து நின்றது. பனவடலிசத்திரத்துக்காரன், திருவேங்கடம் ரோட்டில் பிளைவுட் கடை. திருடன் உடைத்த கதவானாலும் சாவி தொலைந்து வீட்டுக்காரரே உடைத்த கதவானாலும், அவசரத்துக்கு ஊரில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"டிவிக்காரன் பொயலுன்னு சொன்னாலும் சொன்னான், காலையில இருந்து சோறு திங்க விடல்ல யக்கா. ஆறு வீடு முடிச்சாச்சு. எம் பொண்டாட்டி சொல்லுதா, ஊரு வீட்டுக்கெல்லாம் பலகை அடிக்கியளே, நம்ம வீட்டு ஓட்டுக்கு ஒரு தார்ப்பாயி போட ஆளில்லையான்னு."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.  டேப்பை எடுத்து ஜன்னல்களை அளந்தான்.

வெளியிலிருந்து அடிப்பதுதான் அவன் வழக்கம். ஓரத்தில் ரீப்பர் கட்டைகளை முடுக்கி, அதன்மேல் பழுப்பு நிறப் பலகையைச் சாத்தி, டிரில்லிங் மெஷினால் ஸ்க்ரூவை இறக்குவான். கூடத்தின் முதல் ஜன்னல் அடைபட்டதும், அந்தப் பக்கத்து வெளிச்சம் யாரோ வழித்து எடுத்ததுபோல வீட்டை விட்டுப் போயிற்று. கனகலட்சுமி கூடத்தில், படுக்கையறை வாசலை ஒட்டிய சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சீக்கிரம் முடிக்கட்டும், சீக்கிரம் முடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியும், வெளியே நிற்பது யார் என்று. இடுகாட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். வீடு தேடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். பெற்ற மகளை வெளியே நிறுத்திவிட்டுப் பலகை அடிக்கச் சொல்லியிருக்கிறோமே என்று நெஞ்சு பிளந்தது. உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வோம் என்று நினைத்தபோது கை காலெல்லாம் சில்லிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில்.

இதெல்லாம் தன்னால் வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்குச் செல்வியின் மூச்சு நின்றது. மடியில் வைத்திருந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது. சண்முகையா கூடத்தில் கண்ணயர்ந்திருந்தார். கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கனகலட்சுமி கூப்பிடவில்லை. எழுந்து போய் அறைக்கதவைத் தாழ் போட்டாள், ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள், பிள்ளையை மறுபடியும் மடியில் போட்டுக்கொண்டாள். ஆறிக்கொண்டே வந்த அந்தக் காதில் வாயை வைத்து, போகாதட்டி மக்கா, எங்கயும் போயிராத என்று விடிகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தரை மணிக்குத்தான் கதவைத் திறந்து கத்தினாள்.

சண்முகையாவின் அண்ணன் ராஜதுரை பஞ்சாங்கத்தோடு வந்து, உயிர் போன நேரம் என்ன என்று கேட்டார். ஐந்தரை என்றாள். அவர் விரல்விட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஐந்தே காலுக்கு ரேவதி முடிந்து அசுவதி பிறந்துவிட்டது, அடைப்பு இல்லை, சாமி காப்பாற்றிவிட்டது என்றார்.

ரேவதி ஆகாத நட்சத்திரம்; அதில் போயிருந்தால் ஆறு மாதம் அடைப்பு. அந்த அறையைப் பூட்டியிருப்பார்கள். பிள்ளையை வாசல் வழியாகக் கொண்டுபோகாமல் சுவரை இடித்து, அவள் போவதற்கென்றே ஒரு வழி உண்டாக்கி, அதன் வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள். சொல்லியிருக்கலாம். மூன்று மணிக்கே போய்விட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இரண்டரை மணி நேரத்தை யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சுவர் இடிபடவில்லை. பிள்ளையின் உடம்பை ஊரார் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப்பிள்ளை என்று மூன்றாம் நாளே காரியமும் முடிந்தது.

இப்போது நாலு ஜன்னல் முடிந்திருந்தது. வீட்டுக்குள் இருட்டு ஏறிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு வாசனை. நிலவேம்புக் கஷாயமும், நெற்றியில் போட்ட ஈரத்துணியும், காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயில் அடிக்கிற அந்தப் புளித்த வாடையும் கலந்த வாசனை. வெளியே நிற்கிறவளின் வாசனை உள்ளே எப்படி வரும் என்று யோசித்தாள். யோசனை அதற்குமேல் ஓடவில்லை.

மெஷின் சத்தம் நின்றிருந்தது.

மாரிராஜ் வாசலில் வந்து நின்றான். பிளந்த கதவைத் தொடாமல், படியில் கால் வைக்காமல், முற்றத்து மண்ணிலேயே நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதிய."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கல்லெறிஞ்சா கண்ணாடி வீட்டுக்குள்ளல்லா விழும். ஒங்க வீட்டுல ஒரு சில்லுகூட உள்ள இல்ல. அஞ்சு சன்னலும் வெளியதான் கொட்டிக் கெடக்கு. இந்தக் கதவும் வெளிப்பக்கம் பிதுங்கிட்டு நிக்கி." டேப்பைச் சட்டைப்பையில் போட்டான். "உள்ள இருந்துதான் யாரோ தள்ளியிருக்காவ."

கனகலட்சுமிக்கு முதலில் அது ஏறவில்லை. ஏறியபோது, சுவரில் சாய்ந்திருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

உள்ளே வருவதற்காக இல்லை. வெளியே போவதற்காக.

கொக்கி. இருபத்தாறு நாளும் அந்தக் கொக்கி உள்பக்கம்தானே இருந்தது.

அவள் எங்கேயும் போகவே இல்லை. தூக்கிக்கொண்டு போனது உடம்பை மட்டும்தான். போகாதே என்று அம்மா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை, போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், ஜன்னல் ஜன்னலாக முட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அடுக்களை சன்னல் அளக்கையில, கம்பிக்கு உள்பக்கமா சின்ன வெரலு தெரிஞ்சுது," என்றான் மாரிராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு. "கண்ணு மயக்கமோ என்னமோ. நான் ரெண்டு பொம்பளப் பிள்ளை பெத்தவன் யக்கா. அந்தச் சன்னலையும் இந்தக் கதவையும் இன்னைக்கு விட்ருவோம். மழை வந்தா வரட்டும். அண்ணாச்சி வந்து யாரையாச்சும் கூப்புட்டு என்ன ஏதுன்னு பாக்கட்டும். போற உசிரப் போக விட்ருங்க."

மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். கனகலட்சுமியின் முதுகுக்குப் பின்னால், படுக்கையறை இருட்டில், ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. அவள் திரும்பவில்லை. பயத்தில் பல் கிட்டியது. ஆனால் அந்தப் பயத்துக்கும் அடியில், இருபத்தாறு நாளாகச் செத்துக்கிடந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

என் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள்.

"அடிங்க," என்றாள்.

"யக்கா..."

"எல்லாத்தையும் அடிங்க. கதவையும் சேத்து. பின்கதவு இரும்பு, அது போதும் எங்களுக்கு."

எங்களுக்கு என்ற சொல்லில் அவன் முகம் வெளுத்தது. வாக்குவாதம் பண்ணவில்லை. அடுக்களை ஜன்னலை முடித்தான். வாசல் கதவுக்கு முழுப்பலகையாக ஒன்றை எடுத்து மேலிருந்து கீழ்வரை மூடினான். ஒவ்வொரு ஸ்க்ரூ இறங்கும்போதும், பலகையின் உள்பக்கம் உள்ளங்கையால் அடிக்கிற ஒரு சத்தம் எதிர்சத்தமாக வந்தது. முதலில் பலமாக. பிறகு மெதுவாக. கடைசி ஸ்க்ரூவுக்கு ஒன்றுமே வரவில்லை. கூலிகூடக் கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஆறு மணிக்குக் காற்று எழுந்தது. கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

விளக்கு ஏற்றவில்லை. கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியைத் தட்டினாள்.

"வாட்டி மக்கா."

வந்தது.

கனம் அதேதான். அதே ஒன்பது வயதுக் கனம். ஆனால் சூடில்லை. மண்ணின் குளிர்ச்சி, சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. தலைமுடியில் கை வைத்தாள். ஈரம். மண். சடையின் ஒரு கொத்து கையோடு வந்தது. வருடிக் கொடுத்தாள். வருடிக்கொண்டே அழுதாள். நெஞ்சோடு சேர்த்து அணைத்தபோது உள்ளே எலும்பு இடம் மாறிற்று. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

காதருகே மூச்சில்லாத வாய் ஒன்று வந்தது.

"எம்மா. போயிட்டு வாரேன்."

பள்ளிக்கூடத்துக்குப் போகையில் சொல்கிற அதே குரல். பதில் வாங்காமல் செல்வி ஒரு நாளும் படி இறங்கினதில்லை. 'போயிட்டு வா' என்று அம்மா சொல்லவேண்டும். அடுப்பில் பால் பொங்கினாலும் சொல்லவேண்டும்.

இரண்டே வார்த்தை.

சொன்னால் போய்விடுவாள். பலகை, கம்பி, கதவு எதுவும் நிற்காது. எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பது பலகை இல்லை, தன் வாய்தான் என்று கனகலட்சுமிக்கு விளங்கிவிட்டது.

உதட்டை மூடிக்கொண்டாள்.

"எம்மா. போயிட்டு வாரேன்."

தலையை ஆட்டினாள். மாட்டேன்.

"எம்மா."

குரல் இப்போது அழுதது. களைத்துப்போன பிள்ளையின் அழுகை. மூக்கடைத்து, விக்கி, நாள் முழுக்க அழுதது போல. கனகலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பின்பக்கம் இரும்புக் கதவில் தட்டினார்கள். சண்முகையாவின் குரல். "கனகா, நாந்தான். கதவத் தொற. பேசு கனகா. ஏன் பேச மாட்டேங்க?"

பேசவில்லை. ஒரு சொல்லுக்கு வாயைத் திறந்தால் அந்தச் சொல்லும் சேர்ந்து வந்துவிடும்.

மழை இறங்கியது. வெளியே அவர் கத்திக்கொண்டிருந்தார். மடியில் அழுகை நின்றது.

குளிர்ந்த விரல் ஒன்று அவள் தாடையைத் தொட்டது. இருட்டில் தடவிக்கொண்டே மேலே வந்தது. உதட்டைக் கண்டுபிடித்தது. ஓரத்தில் நகமில்லாத நுனியை நுழைத்தது. இன்னொரு விரல். இன்னொன்று. கோபமில்லை. அவசரமில்லை. இறுகிக் கிடந்த பல் வரிசையை, ஒவ்வொரு பல்லாக, அசைத்து அசைத்துப் பார்த்தது.

கனகலட்சுமி மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். கண்ணீர் அந்தச் சின்ன விரல்களின்மேல் வழிந்தது. முன்பல் ஒன்று, வேரோடு, மெள்ள நெகிழத் தொடங்கியது.