பனிமூட்டத்தில் அடித்த அண்டா

அந்த மலை மாகாணத்தில் ஆட்களைவிட மலைகள்தான் அதிகம். ஒரு வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

அதனால் அரசாங்கமே வீட்டுக்கு வீடு வயர்லெஸ் பெட்டி கொடுத்திருந்தது. சாயங்காலமானால் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பதில் வராத வீட்டுக்கு ஜீப் போகும். மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒரு ஜீப்தான்!

கூப்பிடும் வேலை வாயாடியின் அம்மாவுக்கு. பத்து வயது வாயாடிக்கு அந்தப் பட்டப்பெயர் ஏன் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று தெற்குச் சரிவு வீட்டிலிருந்து பதிலே இல்லை.

"நானும் டிரைவர் மாமாவும் போய்ப் பார்த்துட்டு வர்றோம். நீ இங்க ஆபீஸ் பெட்டிகிட்டயே இரு. பயப்படாத, என்ன?" என்று சொல்லிவிட்டு அம்மா ஜீப்பில் ஏறினாள்.

"எனக்கென்ன பயம்!" என்றாள் வாயாடி.

ஜீப் மறைந்ததுமே பனிமூட்டம் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே மரமில்லை, பாதையில்லை, ஒன்றுமேயில்லை. அவள் நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

பெட்டி கரகரத்தது.

"அக்கா... அப்பாவைக் காணோம்."

வடக்கு உச்சி வீட்டுப் பையன். ஆறு வயது வாலு. அம்மா இல்லாத பிள்ளை.

"எங்கடா போனார்?"

"ஆட்டைத் தேடிப் போனாரு. ஆடு வந்துடுச்சு. அப்பா வரல. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

வாயாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம். பனியில் ஒரு அடி தப்பினாலும் அவ்வளவுதான்.

"டேய், போகாத!"

"அப்பா அழுதா?" என்றான் அவன் அழுதுகொண்டே.

ஜீப்பிலும் ஒரு பெட்டி உண்டு; அம்மாவை அழைத்துப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஜீப்பிலிருந்து பதில் வரவில்லை. இந்தப் பனியில் வாலுவின் அப்பாவுக்கும் கண் தெரியாதே! கண் தெரியாவிட்டால் என்ன, காது கேட்குமே?

"வாலு, உங்க வீட்டுலயே பெரிய பாத்திரம் எது?"

"அண்டா."

"அதை வாசப்படிகிட்ட உருட்டிட்டுப் போ. கதவைத் திற, ஆனா படியைத் தாண்டக் கூடாது. உள்ள உக்காந்தே கரண்டியால அடி. உங்கப்பா சத்தம் கேட்டு வருவாரு."

"அண்டா நசுங்குனா அப்பா திட்டுவாரே?"

"நான் பேசிக்கறேன். அடிடா!"

அப்புறம் பெட்டியில் சத்தமே இல்லை; அந்தப் பக்கம் பொத்தானை அழுத்தினால்தானே இங்கே கேட்கும்! அடிக்கிறானா, வெளியே போய்விட்டானா? வாயாடி பேசிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். நான் சொன்னது தப்பாகிவிட்டால்? கதவைத் திறக்கச் சொன்னதே நான்தானே?

ஜன்னல் இருட்டத் தொடங்கியபோது பெட்டி மறுபடியும் கரகரத்தது. மூச்சிரைக்கும் பெரிய குரல்.

"யாரும்மா அது? அண்டாவை அடிக்கச் சொன்னது நீயா?"

"ஆமா மாமா... நசுங்கிடுச்சா?"

"அண்டா கிடக்கட்டும் தாயி! நான் பள்ளத்துப் பக்கமா நடந்துட்டிருந்தேன். சத்தம் பின்னாலேர்ந்து வரவும்தான் திரும்பினேன்."

வாயாடி மேசையில் தலையைச் சாய்த்து, 'ஓ'வென்று அழுதாள்.

டங்! டங்! டங்! பெட்டிக்குள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே வாலு தூரத்திலிருந்து கத்தினான்:

"அக்காகிட்ட கேளுப்பா, இப்போ நிறுத்தலாமான்னு! கை வலிக்குது!"