பதினேழாம் எண் குழாய்

"கண்ணை வீட்டுல வெச்சிட்டு வந்தீங்களா?"

நனைந்த குடையோடு ஆஸ்பத்திரி வராந்தா திருப்பத்தில் வந்து மோதியவள்தான் இப்படிக் கேட்டாள். ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான் அவன். ஆய்வுக்கூடத்தில் அவனுக்குச் 'சொட்டு' என்று பட்டப்பெயர். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ரத்தம் அளப்பவன்.

"மேடம், இதுல அறுபது பேர் ரத்தம் இருக்கு!"

"என்னுதும் வருது... அறுபத்தொண்ணா போகட்டும்!"

அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது. சொட்டு அதற்குள் விழுந்துவிட்டான்.

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள் அவள். காலையில் விரல் மடங்க மறுக்கிறதாம். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியை வைத்தே முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை அவன் கூடத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ரத்தம் கொடுத்தாள். குழாயில் பெயர் இருக்காது, குலுக்கிப் போட்ட எண் மட்டும்தான். போகிற போக்கில், "நான் பதினேழு... நல்லா கவனிச்சுக்கங்க!" என்று போட்டு உடைத்துவிட்டுப் போனாள்.

ஒப்பிட்டுப் பார்க்க மூட்டு டாக்டரும் வாராவாரம் பரிசோதிப்பார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அந்தக் கன்னக்குழி டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்குவார். "வலிக்குதா?" அவள் சிரிப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் எதற்குச் சிரிப்பு? சொட்டுவுக்கு வயிறு எரிந்தது. பத்து விரலுக்கு இருபது நிமிஷமா! அவருக்குக் கை, எனக்குக் குழாயா? இந்தச் சோதனை மட்டும் தேறட்டும்... அப்புறம் எவன் எந்த விரலைப் பிடிக்கிறான், பார்க்கிறேன்!

சோதனையில் மஞ்சள் நிறம் வந்தால் நோய். காலமெல்லாம் டாக்டரிடம் வருவாள். நிறம் வராவிட்டால் இந்தப் பக்கமே வரமாட்டாள். 'மஞ்சளாகவே வரட்டுமே... கண்ணிலாவது படுவாள்' என்று ஒரு கணம் நினைத்தவன், கூசிப்போனான். பதினேழாம் குழாயை எதிர் மேஜைக்காரரிடம் தள்ளிவிட்டான்.

அடுத்த வாரம் அவள் புயலாக வந்தாள்.

"எல்லார் ரத்தத்தையும் தொடுவீங்க, என்னுது மட்டும் ஆகாதோ? டாக்டர் சொன்னார்."

டாக்டர் சொன்னாராம்!

"உங்க நம்பர் எனக்குத் தெரியுமே. முடிவு இப்படி வரணும்னு மனசுல ஆசை இருந்தா அந்தக் குழாயைத் தொடக் கூடாதுங்க..."

"அப்படி என்ன ஆசை?"

ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கு நோயும் இருக்கக் கூடாது... நீங்க வராமலும் இருக்கக் கூடாது."

அவள் கண் தாழ்ந்தது. கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்தாள்.

"நிறம் வரலையாம். டாக்டரும் பாத்துட்டு, வாதம் இல்ல, வேலைதான் அதிகம்னுட்டார். இனி வர வேண்டாமாம்." சட்டென்று கையை நீட்டினாள். "அந்த மனுஷன் பத்து விரலுக்கும் கேட்டாரு. நீங்க ஒரு தடவையாவது வலிக்குதான்னு கேட்டீங்களா?"

அளந்தே பழகிய கை, அளக்காமல் பிடித்துக்கொண்டது.

"வலிக்குதா...?"

"விட்டா வலிக்கும்."