படிக்கட்டுச் சுவரில் இரண்டு கீறல்கள்

புதிதாகப் பெயின்ட் அடித்த படிக்கட்டுச் சுவரில் இரண்டு நீளக் கீறல்கள். யார் வேலை என்று குடியிருப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் மாடிச் சிறுமிக்கு மட்டும் தெரியும். அதாவது, தெரியும் என்று அவள் நினைத்தாள். எதற்கும் சந்தேகப்படுவதால் வீட்டில் அவளை ‘போலீஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய சந்தேகம் சுருட்டைமேல். சுருட்டை முடியுள்ள அந்தச் சிறுமி இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். சக்கரம் வைத்த பள்ளிப்பையை இழுத்துக்கொண்டே படியேறுவாள். பையில் ஒரு கம்பி வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் இதை வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டாள். மாலையில் எல்லோர் முன்னாலும் சுருட்டையின் அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கப்போவதாக அவர் சொன்னார்.

அன்று பள்ளி விட்டதும் போலீஸ் சுருட்டையின் பின்னால் பதுங்கிப் பதுங்கி வந்தாள். பை ஒவ்வொரு படியிலும் ‘தடக் தடக்’ என்று குதித்தது. போலீஸ் அப்படியே நின்றாள். குதிக்கிற பை கீறினால் கோடு ரம்பப் பல் மாதிரி அல்லவா இருக்கும்? சுவரில் இருந்தவை நூல் பிடித்தது போல நேராக இருந்தன.

அவள் ஓடிப்போய் அளவு டேப்பைக் கொண்டுவந்தாள். ஒரு முனையைப் பிடிக்கும்படி சுருட்டையிடமே கேட்டாள்.

“எதுக்கு? என் கைரேகை எடுக்கவா?” என்றாள் சுருட்டை. போட்டுக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பிடித்தாள்.

வகுப்பில் அந்த வாரம்தான் சாய்வு நடத்தியிருந்தார்கள். ஒரு கோடு பக்கவாட்டில் எவ்வளவு போனால் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதுதான் சாய்வு. சுவரின் கீழ் மூலையைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, போலீஸ் வரைபடத்தாளில் குறித்தாள். மேல் கீறல் முப்பது சென்டிமீட்டர் போனால் பதினைந்து ஏறியது. கீழ்க் கீறலும் அப்படியே. இரண்டுக்கும் சாய்வு அரை.

“ஒரே சாய்வுன்னா ரெண்டும் இணைகோடு. எவ்வளவு தூரம் போனாலும் முட்டிக்காது,” என்றாள் சுருட்டை.

இரண்டுக்கும் இடையே குறுக்காக அளந்தார்கள். எங்கே அளந்தாலும் முப்பத்தைந்துதான். படிகளையும் அளந்தார்கள். அகலம் முப்பது, உயரம் பதினைந்து. அதே சாய்வு.

“இது பை இல்ல. படிமேல பலகை போட்டு, ஏதோ பெரிய சாமானை இழுத்திருக்காங்க,” என்றாள் போலீஸ்.

அதற்குள் சுருட்டையை அவள் அம்மா கூப்பிட்டுவிட்டார். போலீஸ் மட்டும் கீறல்களைத் தொடர்ந்து போனாள். அவை முதல் மாடியில் நின்றன. அங்கே இரண்டே வீடுகள். எதிர்வீடு பூட்டி ஒரு மாதமாகிறது.

மிச்சமிருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்குள் புது இரும்பு அலமாரி நின்றது. முந்தாநாள் அவள் பள்ளியில் இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் கொண்டுவந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு திருகாணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டின் முனையிலும் சுவர்ப் பெயின்ட். இடைவெளி முப்பத்தைந்து.

அப்பாவிடம் கேட்டாள். அவர் திருகாணியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். கையை நசுக்காமல் ஏற்றினால் போதும் என்று இருந்ததாம். சுவரை அவர் பார்க்கவே இல்லையாம்.

அவர்கள் வீட்டை யாரும் சந்தேகப்படவில்லை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் போலீஸ் கீழே இறங்கினாள்.

“வாட்ச்மேன் மாமா, சுருட்டை கீறல. எங்க வீட்டு அலமாரிதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

இரண்டாம் மாடிக்கும் போய் அதையே சொன்னாள். சுருட்டை உடனே நம்பவில்லை. டேப்போடு வந்து தானே அலமாரியை அளந்தாள்.

“முப்பத்தஞ்சுதான்,” என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். “உங்கப்பா பெயின்ட் அடிக்கறப்ப என்னைக் கூப்பிடு. ஒழுங்கா அடிக்கறாரான்னு பார்க்கணும்.”

மறுநாள் காலை போலீஸ் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். சுருட்டை படியில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களை விரலால் காட்டினாள். அப்பா மூன்று தடவை அடித்த பிறகுதான் சரியென்று தலையாட்டினாள்.