இடப்பக்கத்து மூச்சு

மூச்சை விட்டது அவள் இல்லை.

ஒலிபெருக்கிக் குரல் “இழுங்க, இன்னும் இழுங்க, அப்படியே பிடிங்க” என்று சொல்ல, அவளும் நெஞ்சு விம்ம இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் தூக்கிவைத்த இடது கை மரத்துப்போய்க் கிடக்க, கூரையில் ஒட்டியிருந்த நீலவானப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, தழும்பு இருக்கும் பக்கமாக, தோளுக்குக் கொஞ்சம் கீழே, யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள். வெகுதூரம் நடந்து வந்து உட்காருகிறவர்கள் விடுவது போன்ற நீளமான மூச்சு. ஏசி சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, ஏசி காலடிப் பக்கம்தான் இருந்தது.

அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. அவளைப் பலகை மேல் படுக்கவைத்து, நெஞ்சில் மையால் போட்ட கோடுகளோடு சுவரிலிருந்து வரும் பச்சை வெளிச்சக் கோடுகள் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, டெக்னீஷியன் பெண் வெளியே ஓடிவிடுவாள். கனமான கதவு மெதுவாக வந்து அடைத்துக்கொள்ளும். அதன்பின் கேமராவும் ஒலிபெருக்கியும்தான் துணை.

இடது மார்பில் இருந்த கட்டியை வெட்டியெடுத்து, புண் ஆறியதும் கதிர் சிகிச்சை ஆரம்பித்திருந்தார்கள். அந்த இடத்துக்குப் பின்னாலேயே இதயம். மூச்சை நிறைய இழுத்துப் பிடித்தால் இதயம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும், அந்த நேரம் பார்த்துக் கதிரைப் பாய்ச்சுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வயிற்றின் மேல் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். மூச்சுக்கு ஏற்ப அது ஏறி இறங்க, வெளியே திரையில் அலை ஓடும். அவள் பிடித்தால் அலை நேர்கோடாக நிற்கும். நின்றால்தான் கதிர் வரும்.

அவள் தையற்காரி. முதல் நாள் ஊதா மையில் நெஞ்சில் கோடு கிழித்தபோது, “நாங்க வெட்டறதுக்கு முன்னாடி கோடு போடுவோம், நீங்க வெட்டினதுக்கு அப்புறம் போடறீங்க” என்று சொல்லி டெக்னீஷியன் பெண்ணைச் சிரிக்கவைத்தாள். கோட்டைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது, மங்கினால் நீங்களே மேலே வரையவும் கூடாது, வீட்டில் மூச்சுப் பிடித்துப் பழகுங்கள் என்றாள் அந்தப் பெண். நாள் தவறாமல் வரவேண்டும், நடுவில் விட்டால் இவ்வளவு பட்டதும் வீண் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். எட்டு வயதுகூட ஆகாத பெண் வீட்டில் இருக்கிறது, அதற்காக எரிகிற அடுப்பில் படு என்றாலும் படுத்திருப்பாள்.

ஆனால் அந்த வாண்டைத்தான் அவள் கிட்டே விடுவதில்லை நாத்தனார். கணவன் சரக்கு லாரியோடு மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்பவன். ஆபரேஷனுக்கு உதவியாக வந்து தங்கிய அவனுடைய அக்கா, கதிர் ஆரம்பித்த அன்றே வாண்டின் தலையணையைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கெட்ட மனசு இல்லை. சமைத்துப் போட்டு, துணி துவைத்து, ராத்திரி எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்தான். பயம், அவ்வளவுதான்.

“உடம்பு பூரா கதிர் ஏத்திக்கிட்டு வர்றே. பிஞ்சு உடம்பும்மா அது. கொஞ்ச நாள் தள்ளியே இருக்கட்டுமே” என்றாள்.

அவளுக்கு அழுகையாக வந்தது. டாக்டரிடம் கேட்டாள். மெஷினை நிறுத்தியதோடு சரி, உங்கள் உடம்பில் ஒன்றும் தங்காது, பிள்ளையை வேண்டிய மட்டும் கட்டிக்கொள்ளுங்கள் என்றார் அவர். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனாரிடம் அதை ஒப்பித்துவிட்டு, தலையணையைத் தானே தூக்கிவந்து தன் கட்டிலில் போட்டாள். வாண்டு பின்னாலேயே குதித்துக்கொண்டு வந்தது.

மூச்சுப் பழக்கம் அதற்கு விளையாட்டாகிவிட்டது. இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். அவள் ஒலிபெருக்கி மாதிரி, “இழுங்க, பிடிங்க” என்பாள். கன்னம் உப்ப, மூக்கை விரலால் இறுக்கிக்கொண்டு கிடக்கும் வாண்டு. அம்மா “விடு” என்று சொல்லும் வரை விடக் கூடாது என்பதுதான் ஆட்டம். அவ்வளவு நாள் கழித்து அந்தச் சின்ன உடம்பின் சூடு பக்கத்தில் இருந்தது. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை அந்த மூச்சு இன்னும் கிட்டத்தில் கேட்டது.

இஸ்திரிப் பெட்டியை மறந்து துணிமேல் வைத்துவிட்டால் வருமே, கருகுவதற்குச் சற்று முந்தைய வாசனை, அதுவும் கூடவே வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அசைந்தால் கதிர் இடம் மாறிவிடும், அசையவே கூடாது என்று அத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள். மெஷினின் பெரிய தலை முனகிக்கொண்டு வலமிருந்து இடமாகச் சுற்றிப் போனது. அதன் கண்ணாடியில் அவள் வெளுத்த தோள் ஒரு கணம் தெரிந்தது. தோளருகே பலகையில் ஒரு பள்ளம். யாரோ கையை ஊன்றிக் குனிந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிடிங்கம்மா” என்றது குரல்.

பிடித்தாள்.

“பிடிக்கவே இல்லையே. அலை ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க. நல்லா பிடிங்க.”

பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. இடப்பக்கம் எதுவோ இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. விடும்போதெல்லாம் தழும்பின் மேல் ஈரமாகப் பட்டது.

கதவு திறந்து டெக்னீஷியன் பெண் வந்தாள். பெட்டியை எடுத்துத் துடைத்து வேறொன்று வைத்தாள். மெஷின் கோளாறு, பயப்படாதீங்க என்றாள். அந்தப் பெண்ணின் முகம்தான் பயந்திருந்தது. படுத்திருந்தவளின் நெஞ்சைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கி, கோடு பாதி அழிந்திருக்கிறதே, குளிக்கும்போது தேய்த்தீர்களா என்று கேட்டாள். காலையில் சட்டை போடும்போது கோடு பளிச்சென்று இருந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அது தேய்த்து அழிந்த மாதிரிகூட இல்லை, நக்கி எடுத்த மாதிரி இருந்தது.

யாரிடம் சொல்வது? நாத்தனாரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் தலையணை அறை மாறிவிடும். டாக்டரிடம் சொன்னால் தூக்கத்துக்கு மாத்திரை எழுதுவார். வரமாட்டேன் என்று நின்றுவிட்டால் கட்டி திரும்ப வரும். வந்தால் வாண்டுக்கு யார் இருக்கிறார்கள்? போனாள். மறுநாளும் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள். அதுவும் வந்து பக்கத்தில் படுத்தது.

ஒரு சாயங்காலம் அலுப்பில் அவள் கண்ணயர்ந்துகொண்டிருந்தாள். வாண்டு அவள் நெஞ்சில் காது வைத்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்ததோ.

“அம்மா, இதையும் ஆட்டத்துல சேத்துக்கலாமா?”

வாண்டு எப்போதும் இடுக்கிக்கொண்டு திரியும் துணிப்பொம்மை அவள் தைத்துக் கொடுத்தது. அதைத்தான் சொல்கிறது என்று நினைத்தாள்.

“சேத்துக்கோடி” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் அந்த அறை வெறும் அறையாக இருந்தது.

பிடிங்க என்றதும் பிடித்தாள். காலடிப் பக்கம் ஏசி ஓடியது. மெஷின் முனகியது. வேறொன்றும் இல்லை. இடப்பக்கம் வெறும் காற்று, வெறும் சுவர். தைரியம் வந்து கண்ணைத் திருப்பிப் பார்த்தாள். பலகை வழவழவென்று இருந்தது. “சூப்பர்மா, ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி நிக்குது” என்று ஒலிபெருக்கியில் சந்தோஷமாகச் சொன்னாள் டெக்னீஷியன் பெண். உடுத்திக்கொள்ளும் தடுப்புக்குப் பின்னால் நின்று அவள் சத்தமில்லாமல் அழுதாள். செத்துப் பிழைத்த மாதிரி இருந்தது. வழியில் வாண்டுக்கு ஒரு ஹேர்பேண்ட் வாங்கினாள், அதற்குப் பிடித்த மஞ்சளில்.

வீட்டில் நாத்தனார் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கடைசியாக அந்தத் துணிப்பொம்மையை எடுத்துக் காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள்.

“இன்னிக்குத்தான் துவைச்சீங்களா அண்ணி?”

“எங்க, நேத்து மத்தியானமே ஊறவச்சது. மறந்தே போச்சு.”

நேற்று மத்தியானமே. சாயங்காலம் வாண்டின் கையில் பொம்மை இல்லை. அவள் கையில் ஹேர்பேண்ட் இருந்தது. பொம்மையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உன் பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வை” என்றாள் நாத்தனார், வாளியைக் கவிழ்த்துக்கொண்டே. “உன்னப் பாத்துட்டு அவளும் நெஞ்சுல கோடு போட்டுக்கிட்டிருக்கா. சோப்புப் போட்டுத் தேச்சும் போக மாட்டேங்குது.”

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சம் கட்டிலில் பாதிதான் விழுந்தது. தீய்ந்த துணியின் வாசனை.

வாண்டு மல்லாந்து கிடந்தது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலது கை விரல்கள் மூக்கை இறுக்கியிருந்தன. கன்னம் உப்பியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கண் மட்டும் சிரித்தது.

வாண்டின் சட்டைப் பொத்தான்களை அவள் அவிழ்த்தாள். கடைசிப் பொத்தான் அறுந்து விழுந்தது.

ஊதா மை. குழந்தை கை கிழித்த கோடு இல்லை. கோணல் இல்லை, பிசிறு இல்லை. நடுவில் ஒன்று, விலாவில் ஒன்று, சேருமிடத்தில் சின்னப் பெருக்கல் குறி. எத்தனையோ வருஷம் துணியில் கோடு போட்ட கைக்குத் தெரியும். அளவெடுத்துப் போட்டது.

வலது பாதி அசையவில்லை. நெஞ்சை நிறைத்துப் பிடித்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது.

இடது பாதி ஏறியது.

இறங்கியது.

நிதானமாக. களைப்பாக. வீடு வந்து சேர்ந்த மாதிரி.

குழந்தையின் முகம் சிவந்துகொண்டே வந்தது. கண்ணில் சிரிப்பு போய்விட்டது. அந்தக் கண் அம்மாவின் வாயையே பார்த்தது. அம்மா சொல்லாமல் விடக் கூடாது. அதுதான் ஆட்டம்.

“விடு” என்றாள். “விடுடி கண்ணு. விட்டுடு.”

மூச்சு வந்தது. நீளமாக, ஈரமாக, அவள் முகத்தில் பட்டது.

உப்பிய கன்னம் அப்படியே இருந்தது.