வெண்கழித் துறையின் கடைசி முத்திரை

அன்பு வாசகர்களே, உங்கள் உடன்பிறந்தவன் மூச்சை அடக்கி ஒளிந்திருக்கும் பொதியை நோக்கி ஒருவன் கூரிய இரும்பூசியோடு நடந்து வருகிறான். முகத்தில் சிறு சலனமும் காட்டாமல் உங்களால் நிற்க முடியுமா?

மேற்கே வானம் பிளந்த மாதுளையாய்ச் சிவந்திருக்க, கிழக்கே கடலுக்கு மேல் முழுநிலா எழுந்துகொண்டிருக்க, பாதி செம்பும் பாதி வெள்ளியுமாய் ஆற்றுநீர் கழிமுகம் நோக்கி ஓடிக்கொண்டிருந்த அந்த அந்தி வேளையில், வெண்கழிப்பட்டினத்துச் சுங்கத்துறையில் மிளகு வணிகர் மகள் கொற்றநங்கை அப்படித்தான் நின்றிருந்தாள்.

தண்டநாயகர் விழுப்பரையர் மன்னரைக் கோட்டைக்குள் சிறைவைத்து நகரைக் கைப்பற்றியிருந்த காலம் அது. கோட்டைக்குள் நுழையும் நீர்வழியை அறிந்தவன் வெளியே ஒருவன்தான் எஞ்சியிருந்தான்: கொற்றநங்கையின் தமையன், உபசேனாபதி இளம்பூதி. அவனுக்காக நட்பு நாட்டுப் படகுகள் கடலில் காத்திருந்தன. ஆனால் சுங்க முத்திரை இல்லாத ஒரு கூடையைக்கூடக் கழிமுகத்துக் காவல் வெளியே விடாது. ஆகவே இளம்பூதி பட்டுத் துணிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான்.

நங்கை ஒரு வழக்கத்தை நம்பியிருந்தாள். தானிய மூட்டைகளைத்தான் அத்துறையில் குத்தூசியால் குத்திப் பார்ப்பார்கள். ஓட்டை விழுந்த பட்டை எந்த நாட்டிலும் வாங்கமாட்டார்கள் என்பதால், துணிப் பொதியின் ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

"என்னம்மா, பட்டுன்னுதானே சொன்னீக?" என்றான் பொதியை இறக்கிய சுமைக்காரன். "உள்ளே ராசாவையே வச்சுக் கட்டிப்புட்டீகளா? இந்தக் கனம் கனக்குது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நங்கையும் சிரித்தாள்.

சுங்கத் தலைவன் எயினன், குத்தூசி ஏந்திய காவலனோடு, வரிசையாகப் பொதிகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். எல்லாப் பொதிகளையும் பிரித்தால் நீர் வற்றிக் கழிமுகத்தின் ஆழம் குறையுமுன் ஒரு கப்பலும் புறப்படாது. யார் அனுப்புகிறார், எங்கே போகிறது, அனுப்புகிறவர் கண் எங்கே அலைகிறது என்று பார்ப்பான். "இதை விடு, அதைப் பிரி" என்பான். அவனும் நங்கையும் மணம் பேசி முடித்தவர்கள். நகர் விழுந்த அன்று மற்ற அதிகாரிகள் எல்லாம் ஓடி ஒளிய, இவன் ஒருவன் புதிய எஜமானரைப் பணிந்து பதவியில் தொடர்ந்தான். நடுத்தெருவில் அவனைத் துரோகி என்று ஏசி, அவன் அனுப்பிய மாலையை ஆற்றில் எறிந்தவள் நங்கை.

அவன் அவள் பொதியருகே குனிந்தான். கயிற்றைத் தொட்ட விரல்கள் நின்றன.

"துணிக்கு யாரும் இரட்டைச் சுருக்குப் போடுவதில்லை, நங்கை," என்றான் மெல்ல. "மிளகு மூட்டை கட்டிப் பழகிய கை இது."

"கண்டுபிடித்துவிட்டீர்களே! போய்ச் சொல்லுங்கள், சுங்கத் தலைவரே. தங்கள் எஜமானர் மகிழ்ந்துபோவார்."

"உள்ளே யார்?"

அவள் கண்கள் சொல்லிவிட்டன.

"அங்கே என்ன இரகசியம்?" குதிரைமேல் வந்த விழுப்பரையரின் குரல் இடித்தது. "குத்தும் அந்தப் பொதியை!"

"தண்டநாயகரே, துணியைக் குத்தும் வழக்கம் இத்துறையில் இல்லை."

"இன்று முதல் உண்டு. நீர் ஊசியால் குத்துகிறீரா, என் வீரன் ஈட்டியால் குத்தட்டுமா?"

ஈட்டி என்றால் மறுபக்கம் வரை போகும். எயினன் குத்தூசியைத் தானே வாங்கிக்கொண்டான். நெசவைத் தடவிப் பார்ப்பவன்போலப் பொதியின்மேல் இடக்கையை ஓட்டினான். ஓரிடத்தில் அழுத்தினான், உள்ளே இருந்த உடல் தன்னால் ஆனமட்டும் ஒதுங்கியது. அங்கேயே குத்தினான். ஏதோ தடுக்க, ஊசி சற்று நின்று, பிறகு இறங்கியது.

பொதியிலிருந்து ஒரு முனகலும் எழவில்லை.

ஊசியை உருவும்போதே அதன் முனையை இடக்கையால் இறுகப் பற்றி இழுத்தான். உள்ளங்கை கிழிந்து குருதி மணிக்கட்டு வரை வழிந்தது. இனி அந்த ஊசியில் இருந்தது எவர் குருதி என்று எவரால் சொல்ல முடியும்?

"பட்டுத்தான்," என்றான் எயினன். "கூர்தான் சற்று அதிகம்."

"சுங்கத் தலைவருக்குத் தம் ஊசியையே பிடிக்கத் தெரியவில்லை!" விழுப்பரையர் வாய்விட்டு நகைத்தார்.

எயினன் ஈரக்களிமண்ணை முடிச்சின்மேல் அப்பினான். நங்கை பதறி அவன் கையைப் பற்றினாள். ஏன் பதறினாள் தெரியுமா, வாசகர்களே? முத்திரை விழும்வரை குற்றம் வணிகனுடையது, விழுந்தபின் முத்திரையிட்டவனுடையது. அதுவே அத்துறையின் சட்டம். அதைக் காப்பதாக அயல்நாட்டு மாலுமிகள் முன்னிலையில் விழுப்பரையரே சத்தியம் செய்திருந்தார். செய்திராவிட்டால் ஒரு கப்பலும் அங்கே வந்திராது.

"வேண்டாம்," என்றாள்.

"பொதி சீக்கிரம் கப்பலுக்குள் போகட்டும், நங்கை. அவனுக்கு வலிக்கும்."

முத்திரை விழுந்தது.

பொதியை ஏற்றிக்கொண்டு கப்பல் நகர்ந்ததும் அவள் அவனருகே வந்தாள். "அக்கரையில் என் படகு நிற்கிறது. வந்துவிடுங்கள். துரோகி என்று சொன்னேனே உங்களை..."

"ஊரே சொன்னது. நீ சற்று உரக்கச் சொன்னாய்." அவன் புன்னகைத்தான். "எனக்குப் பதில் வேறொருவன் வந்திருந்தால் எல்லாப் பொதியையும் ஈட்டியால் குத்தியிருப்பான். என்றோ ஒரு பொதியை விட வேண்டியிருக்கும் என்றுதான் பதவியில் இருந்தேன். அது உன்னுடையதாக இருக்கும் என்று நினைக்கவில்லை."

"வாருங்கள் என்கிறேன்!"

"முத்திரையிட்டவன் ஓடினால் குற்றம் மறுபடியும் வணிகன் தலையில் விழும். உன் தந்தைக்கு ஓடும் வயதில்லை."

நங்கை அவன் கிழிந்த கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைக்கு மாலையிட்டவளாகவே இருப்பேன். வேறொரு மாலை என் கழுத்தில் ஏறாது. இது ஆணை!"

அப்போது கழிமுகத்துக்கு அப்பால், கப்பலின் பின்தளத்தில், ஒரு காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து நின்ற ஓர் உருவம் தீப்பந்தத்தை உயர்த்தி வட்டமாகச் சுழற்றியது. கடலிலிருந்து பல பந்தங்கள் பதில் சொல்லின. பந்தத்தின் வெளிச்சம் அந்த முகத்தில் முழுதாக விழுந்தது.

"இளம்பூதி!" என்று அலறினான் காவல் வீரன் ஒருவன்.

விழுப்பரையரின் முகம் கறுத்தது. வாளை உருவியபடி நங்கையை நோக்கித் திரும்பினார். துறையில் அமர்ந்திருந்த அயல்நாட்டு மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள். வாள் தாழ்ந்தது.

"அந்தப் பொதிக்கு முத்திரையிட்டவன் யார்?" என்றார் பற்களைக் கடித்தபடி.

"நான்," என்றான் எயினன்.

மறுநாள் காலை எயினனைத் துறைமுகத்து மணல்மேட்டில் வைத்துக் கொன்றார்கள். சுங்கச் சாவடி வழக்கமான நேரத்தில் திறந்தது. முத்திரையிட ஒருவரும் முன்வரவில்லை. அன்று ஒரு கப்பலும் புறப்படவில்லை.